பன்னிரண்டு வாளி ஆற்றுத் தண்ணீர்

எங்கள் மியூசியத்துக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது கழிவறை எங்கே என்று. அடுத்ததாகத்தான் கப்பல் எங்கே என்று கேட்பார்கள். கப்பல் எங்கேயும் ஓடிப்போகாது, முதலில் டிக்கெட்டை எடுங்கள் என்பேன். பதினோரு வருடமாக அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். டிக்கெட் கிழிப்பது, சுற்றிக் காட்டுவது, பள்ளிப் பிள்ளைகள் உளியில் கை வைக்காமல் பார்த்துக்கொள்வது எல்லாம் நான்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று தோட்டத்தில் பேர். இந்த வேலைக்கு அந்த வாய் உதவியாகத்தான் இருந்தது.

மலேசியாவில் ஜொகூர் ஆற்றங்கரையில் உள்ள பழைய தோட்டம் அது. என் கணவரின் அப்பா அங்கே பால்மரம் வெட்டியவர். இப்போது ரப்பர் போய், கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. ரோடு வராத காலத்தில் தோட்டத்துச் சரக்கெல்லாம் ஆற்று வழியாகத்தான் வெளியே போனது. அதற்கான படகுகளைத் தோட்டத்துக் கரையிலேயே கட்டினார்கள். அதற்கும் முன்னால், தோட்டமே இல்லாதபோது, கடலோடும் மரக்கப்பல்களை மலாய்த் தச்சர்கள் அதே கரையில் கட்டினார்களாம். துரை இருந்த பங்களாவைத்தான் மியூசியமாக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே வாய்ச்சி, உளி, மரச்சுத்தியல், பழைய படங்கள். ஒரு படத்தில் கோவணம் கட்டிய முப்பது பேர் படகு ஒன்றைக் கயிறு போட்டு இழுக்கிறார்கள். கீழே ‘தொழிலாளர்கள்’ என்று ஒரே ஒரு சொல். அத்தனையும் நம் முகங்கள். அந்தப் படத்தின் முன்னால் மட்டும் பள்ளிப் பிள்ளைகளை நான் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்க வைப்பேன்.

சில வருடங்களுக்கு முன் பெருமழையில் கரை இடிந்து, சேற்றுக்குள்ளிருந்து பழைய தொங்காங் ஒன்றின் அடிமரம் வெளியே வந்தது. தொங்காங் என்றால் சரக்கு ஏற்றுகிற, வயிறு அகன்ற மரப்படகு. அதே அளவில், அதே பழைய முறையில் ஒன்றைக் கட்டி ஆற்றில் விடுவது என்று மியூசியத்தில் முடிவெடுத்தார்கள். திரங்கானுவிலிருந்து மலாய்த் தச்சர் ஒருவரை வரவழைத்தார்கள். நாற்பது வயது இருக்கும். பேச்சு குறைவு. பங்களாவுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் பலகைகளை அடுக்கி வேலையைத் தொடங்கினார்.

என் கணவர் பாசிர் கூடாங்கில் கப்பல் பட்டறையில் வெல்டர். இருபத்தெட்டு வருடம் ஷிப்ட் பஸ்ஸில் போய் வந்து, இரும்புத் தகடுகளை ஒட்டவைத்தவர். ரிட்டயர் ஆன அடுத்த வாரம் கொட்டகைக்கு வந்தார். வந்தது உதவி செய்ய இல்லை, கேலி செய்ய.

“ஒரு இரும்பு ஆணி இல்ல, ஒரு வெல்டிங் இல்ல. இது மெதக்குமா, முங்குமா?” என்று மலாய் மொழியில் தச்சரிடம் கேட்டார்.

தச்சர் தலை நிமிராமல், “உங்க இரும்புக் கப்பல் துருப்பிடிக்கும். இது தண்ணி குடிக்கும்” என்றார்.

அந்தப் பதில் இவருக்குப் பிடித்துவிட்டது. மறுநாளே பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் சம்பளமில்லாத வேலை. துளை போடுவார், மர ஆணி சீவுவார், தச்சரோடு உட்கார்ந்து பிளாஸ்க் கோப்பி குடிப்பார். சாப்பாட்டுக்கு நான் போய்க் கூப்பிட வேண்டும். “வீட்டுக் கதவு ரெண்டு வருஷமா ஒழுங்கா சாத்த மாட்டேங்குது, அதச் சரி பண்ண ஆளில்ல” என்று நான் கத்துவேன். “அது தண்ணியில மெதக்க வேணாம்லா, அப்படியே இருக்கட்டும்” என்பார்.

அந்தப் படகின் சங்கதி ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். பலகையும் பலகையும் சேருகிற இடத்தில் கெலாம் என்ற மரத்தின் மெல்லிய பட்டையை வைத்து, மர ஆணியால் இறுக்குவார்கள். ஈரம் பட்டால் பட்டை உப்பும், பலகையும் உப்பும், இடுக்கு தானாக மூடிக்கொள்ளும். காய்ந்தால் எல்லாம் சுருங்கி இடுக்கு வாய் திறந்துவிடும். அதனால் ஆற்றில் இறக்கும் வரைக்கும் படகுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். காலையில் ஆறு வாளி, சாயங்காலம் ஆறு வாளி, எல்லாம் ஆற்றுத் தண்ணீர். உள்ளே நனைத்த கோணிச்சாக்கு விரிக்க வேண்டும். பௌர்ணமியன்று கடலேற்றத்தில் ஆறு ஏறி வரும்போது இறக்குவதாக நாள் குறித்தார்கள். அதற்கு ஆறு வாரம் இருந்ததால், தச்சர் ஊரில் ஒரு வேலையைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். போகும்போது வாளியை என் கணவரின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு வாரம்தான் ஊற்றினார். எட்டாம் நாள் மூன்றாவது வாளியோடு ஆற்றுப் படியில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வரவில்லை. அதற்கு முன்பே இருமல் இருந்தது, மெலிந்துகொண்டும் வந்தார். நான் சொன்னால் எங்கே கேட்டார்? ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் படமெடுத்துப் பார்த்தார்கள். நுரையீரலில் கட்டி. வெல்டிங் புகையா சிகரெட்டா என்று கேட்டேன். ரெண்டுமாக இருக்கலாம் என்றார் டாக்டர்.

வார்டில் படுத்துக்கொண்டு அவர் கேட்டது ஒன்றுதான். “படகு எறங்கற அன்னிக்கு என்னைக் கூட்டிட்டுப் போயிடு. அதுல உக்காந்து அந்த ஆத்து வளைவு வரைக்கும் ஒரு தடவ போயிட்டு வந்துட்டா போதும். அப்புறம் இவங்க என்ன வேணா பண்ணிக்கட்டும்.”

ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் காலையில், “தண்ணி ஊத்தினியா?” என்று கேட்டார். ஜாகாவிடம், அதாவது மியூசியக் காவலாளியிடம் சொல்லியிருக்கிறேன் என்றேன். கையில் இருந்த ஊசியோடு எழுந்துவிட்டார். “அவன் வெளியில மட்டும் ரெண்டு வாளி ஊத்திட்டுப் போயிடுவான். உள்ள ஊத்தணும், சாக்கு நனைக்கணும். நீ போ. போயி ஊத்திட்டு மத்தியானம் வா.” நர்ஸ் வந்து சத்தம் போட்ட பிறகுதான் படுத்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து தோட்டத்துக்கு ரெண்டு பஸ் மாறிப் போக வேண்டும். போகப் போகிறேன் என்றுதான் அன்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். பஸ்ஸும் வந்தது. ஏற முடியவில்லை. நான் வாளியும் கையுமாக அங்கே நிற்கும்போது இங்கே இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற ஒரே நினைப்பு. திரும்பி வந்து ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்துகொண்டேன். மத்தியானம் பார்வையாளர் நேரத்தில் மேலே போனேன். “ஊத்தினியா?” என்றார். “ஊத்தினேங்க” என்றேன்.

அதற்குப் பிறகு தினமும் அதே கேள்வி, அதே பதில். மியூசியத்தில் லீவு சொல்லிவிட்டு, பக்கத்தில் என் சித்தி மகள் வீட்டில் இரவு தூங்குவேன். விடிந்ததும் கேன்டீனுக்கு வந்துவிடுவேன். மகள் சிங்கப்பூரில் வேலை, சனிக்கிழமைதான் வர முடியும். அதனால் என்னைக் காட்டிக்கொடுக்க ஆளில்லை. வெறுமனே ஊற்றினேன் என்று சொன்னால் நம்ப மாட்டார் என்று பயந்து ஜோடிக்க ஆரம்பித்தேன். இன்று ஆற்றுத் தண்ணீர் கலங்கல் என்றேன். கோணிச்சாக்கு ஒன்று கிழிந்துவிட்டது, தைத்தேன் என்றேன். ஒரு நாள் எதுவும் தோன்றாமல், “படகுக்குள்ள ஒரு உடும்பு வந்து படுத்திருக்கு, வெரட்டினாலும் போகல” என்றேன்.

அந்த உடும்பு அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மறுநாள் தண்ணீருக்கு முன்னால் அதைத்தான் கேட்டார். “இருக்கா இன்னும்?” இருக்கிறது என்றேன். “ஈரம் புடிச்சிருக்கு அதுக்கு. வெரட்டாத, இருக்கட்டும்.” பக்கத்துக் கட்டில் சீனக் கிழவரிடம்கூடச் சொன்னார், என் படகுக்கு ஒரு வாடகைக்காரன் வந்திருக்கான் என்று. சாப்பாடு இறங்காத நாட்களில் உடும்புக் கதை சொல்லித்தான் நாலு வாய் கஞ்சி ஊட்டினேன். அது முட்டையிடப் போகிறதோ என்னவோ என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக நான் இன்னும் நூறு உடும்பு விடத் தயாராக இருந்தேன்.

ஆஸ்பத்திரிக்கு வந்த பத்தாம் நாள் ஜாகா போனில் கூப்பிட்டான். “அக்கா, படகுக்கு வார்னிஷ் போடறாங்க. இனிமே தண்ணி ஊத்தக் கூடாதுன்னு மேடம் சொல்லிட்டாங்க. காயறதுக்கு ரெண்டு பெரிய ஃபேன் வெச்சிருக்காங்க.”

மேடம் எங்கள் மியூசியத்துக்குப் பொறுப்பாளர். நல்ல மனுஷிதான், மரத்தைப் பற்றித் தெரியாது. உடனே அவருக்குப் போன் போட்டேன். பெரிய விருந்தினர் வருகிறார், படம் எடுப்பார்கள், பளபளவென்று இருக்க வேண்டும், கொஞ்ச நாளைக்குத்தானே என்றார். சரி மேடம் என்று போனை வைத்துவிட்டேன். எனக்கு வாய் நீளம் என்று முதலில் சொன்னேனே, அன்று அந்த வாய் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தச்சரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நானே பஸ் ஏறிப் போய் ஃபேனை நிறுத்தியிருக்கலாம். அன்று காலையில்தான் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தார். என் காதில் வேறெதுவும் ஏறவில்லை. காரணம் சொல்கிறேனே தவிர, தப்பு என் தப்புதான்.

பௌர்ணமியன்று காலை கையெழுத்துப் போட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போனோம். மகள் காரோட்டினாள். பின்சீட்டில் அவரும் நானும் ஆக்சிஜன் சிலிண்டரும். அவர் சட்டைப் பையில் நாலு எலுமிச்சம்பழம். புது வண்டி எடுத்தால் சக்கரத்துக்கு அடியில் வைப்போமே, அதற்கு. “படகுக்கு ஏதுங்க சக்கரம்?” என்றேன். “உருட்டுக் கட்டைக்கு அடியில வைப்போம்லா” என்றார். ரொம்ப நாள் கழித்து அவர் முகத்தில் அன்று களை தெரிந்தது.

தச்சர் முதல் நாள் இரவு பஸ்ஸில் கிளம்பி, அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார். பந்தல், நாற்காலி, விருந்தினர், கேமரா எல்லாம் தயார். அவர் யாரையும் பார்க்காமல் நேராகப் படகுக்குப் போனார். பலகையைக் கையால் தடவினார். பையிலிருந்து ஒரு பத்துக் காசை எடுத்து இடுக்கில் வைத்தார். அது கொஞ்சம் உள்ளே போனது.

“கெரிங், காக்” என்றார் என்னைப் பார்த்து. காய்ந்திருக்கிறது அக்கா என்று அர்த்தம். “தண்ணி காட்டலையா?”

நான் வாயைத் திறப்பதற்குள் சக்கர நாற்காலியிலிருந்து என் கணவர் பதில் சொன்னார். “தினமும் ஊத்தினா. பன்னெண்டு வாளி. உள்ளயும் வெளியவும். நான் தினமும் கேப்பேன்.” அந்தக் குரலில் இருந்த பெருமையை நான் எங்கே கொண்டு போய் வைப்பது? முப்பது வருடத்தில் நாலு பேர் முன்னால் என்னைப் பற்றி அவர் பெருமையாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

தச்சர் என்னையே பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அப்படியானால் வார்னிஷ் போட்டதில் மேலாகத்தான் காய்ந்திருக்கும், எதற்கும் ரெண்டு நாள் ஊறட்டும், பிறகு இறக்கலாம் என்றார் அவர். தண்ணீரை நிறுத்தியது தான்தான் என்று சொல்லாமல் மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு ஏறி நின்றது, விருந்தினர் குடைக்குக் கீழே வேர்த்துக்கொண்டிருந்தார். தச்சர் இன்னொரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு என் சொல்லை நம்பிச் சரி என்றார்.

எலுமிச்சம்பழம் நசுங்கியது. கைதட்டினார்கள். படகு உருட்டுக் கட்டைகள் மேல் வழுக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் உட்கார்ந்தது. அழகாக இருந்தது, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ரெண்டு பேர் அவரைத் தூக்கி உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சிலிண்டரை மடியில் வைத்துக்கொண்டு நான் பக்கத்தில். தச்சர் பின்னால் நின்று கழி போட்டுத் தள்ளினார். என் கணவர் கரையைப் பார்க்கவில்லை. அந்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபது அடி போயிருப்போம். என் செருப்பு காலை விட்டு நகர்ந்தது. குனிந்து பார்த்தால் செருப்பு மிதக்கிறது. பலகை இடுக்கு ஒவ்வொன்றிலிருந்தும் சத்தமே இல்லாமல் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. தச்சர் கரையைப் பார்த்துக் கத்தினார். கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். கரை சேருவதற்குள் கெண்டைக்கால் வரை ஏறிவிட்டது. என் கணவர் குனிந்து, தண்ணீருக்குள் கைவிட்டு, இடுக்கை விரலால் தடவிப் பார்த்தார். அவர் போட்ட துளை, அவர் சீவிய ஆணி. பிறகு நிமிர்ந்தார். தச்சரைப் பார்க்கவில்லை, மேடத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

அவரைத் தூக்கிக் கரையில் விட்ட கொஞ்ச நேரத்தில் படகு ஜெட்டி ஓரமாகச் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. தச்சர் ஓடி வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டு, என் வேலையில்தான் குறை, மன்னிச்சுடுங்க என்றார். கண் கலங்கியிருந்தது. “உன் வேல சுத்தம்” என்றார் இவர். “உன்மேல ஒரு குறையும் இல்ல.” அப்போதும் என் வாய் திறக்கவில்லை.

காரில் ஆஸ்பத்திரிக்குத் திரும்பும்போது பாதி வழியில் கேட்டார். “எத்தன நாளு ஊத்தின?”

“ஒரு நாளும் ஊத்தலங்க.”

“உடும்பு?”

“அதுவும் இல்ல.”

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, மகள் காரை ஓரம் கட்ட வேண்டியதாயிற்று. இருமல் நின்ற பிறகு, “அது மட்டுமாச்சும் நெசம்னு நெனச்சேன்லா” என்றார். கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். “நீ உண்மையச் சொல்லியிருந்தா உன்னைப் போகச் சொல்லியிருப்பேன்.”

“அதுக்குப் பயந்துதான் சொல்லல.”

என்னை மன்னித்தாரா என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. கேட்கும் தைரியமும் வரவில்லை.

அன்று சாயங்காலமே தச்சருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலாம் போல் இருந்திருக்கும். அவரோ, “படகை எடுக்க வேணாம்னு மேடத்துக்கிட்ட சொல்றேன். முங்கியே கிடக்கட்டும், குடிக்கட்டும்” என்றார்.

ஐந்தாம் நாள் மத்தியானம் தச்சர் போனில் கூப்பிட்டார். இரைக்க இரைக்கப் பேசினார். ஆறு வற்றிய நேரத்தில் படகிலிருந்த தண்ணீரையெல்லாம் இறைத்துவிட்டாராம். ஆறு ஏறியதும் படகு தானாக எழுந்துவிட்டதாம். ஒரு மணி நேரமாக மிதக்கிறது, ஒரு சொட்டு உள்ளே வரவில்லை, உன் புருஷனிடம் சொல் என்றார். போனை வைத்துவிட்டு வார்டுக்கு ஓடினேன். நான் ஓடி எத்தனை வருடம் ஆயிற்று!

அவர் கண்ணை மூடியிருந்தார். ரெண்டு நாளாகக் கண் திறப்பது குறைந்துவிட்டது. காதுக்குப் பக்கத்தில் குனிந்தேன். “என்னங்க, படகு மெதக்குது. எடுக்கல, அதுவா எழுந்துடுச்சு. ஒரு சொட்டு உள்ள வரல.”

உதடு லேசாக விரிந்தது. “உடும்பு ஏறிடிச்சா?” என்றார்.

“இல்லங்க, இது நெசம். சத்தியமா நெசம். இப்பதான் போன் வந்துச்சு.”

என் கை அவர் கைமேல் இருந்தது. விரலால் ரெண்டு தடவை தட்டிக் கொடுத்தார். அழுகிற பிள்ளையை, சரி சரி, போதும் என்று தட்டுவோமே, அப்படி. நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். திரும்பத் திரும்பத் தட்டினார். கொஞ்ச நேரத்தில் தட்டுவது நின்றது. மணி மூன்று.

நாலு மணிக்குப் படம் வந்தது. ஜாகா எடுத்து அனுப்பியிருந்தான். படகு ஆற்றின் நடுவில் நிற்கிறது, தச்சர் உள்ளே வெறுங்காலோடு நின்று பாதத்தைக் காட்டுகிறார், காய்ந்த பாதம். போனை எடுத்துக்கொண்டு போய் அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். பாருங்க, பாருங்க என்றேன். நர்ஸ் வந்து மெதுவாக என் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

படகு இப்போது ஜெட்டியில் கட்டியிருக்கிறது. மேசை, டிக்கெட் எல்லாம் பழையபடி நான்தான். இது நிஜமாகவே மிதக்குமா, அடியில் ஏதாவது முட்டுக் கொடுத்திருக்கிறீர்களா என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். மிதக்கும் என்று என் வாயால் சொல்வதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு இறங்குங்கள், அடிப்பலகையில் கை வைத்துப் பாருங்கள் என்பேன். தடவிப் பார்த்துவிட்டு, “ஈரமே இல்லக்கா” என்பார்கள். எனக்குக் கண் நிறைந்துவிடும். ஆற்றுக் காற்று கண்ணுக்கு ஆகவில்லை என்று அவர்களிடம் சொல்வேன். அதுவும் பொய்தான்.